ஒன்பது வயது ஆளுநர்

எங்கள் ஊரில் லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸ் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஒரு மாநிலத்தையே ஆண்டவர். ஒருவன் துறைமுகத்தில் மீன்சாறு விற்றவன். ஒருவன் பத்து வயதைப் பார்க்காதவன். நான் எழுதுவது மீன்சாறு விற்றவனைப் பற்றி. மற்ற இருவருக்கும் கல்லில் பெயர் உண்டு. இவனுக்கு இல்லை என்றும் சொல்லலாம், இருக்கிறது என்றும் சொல்லலாம்.

எங்களிடம் மனிதர்களுக்குப் பஞ்சமில்லை, பெயர்களுக்குத்தான் பஞ்சம். தகப்பன் பெயர் பிள்ளைக்குப் போகும். எஜமான் விடுதலை கொடுத்தால் எஜமானின் பெயர் அடிமைக்கும் போகும். சொத்தில் ஒரு செம்புக்காசு கொடுக்காதவர்கள்கூடப் பெயரை மட்டும் வாரிக் கொடுப்பார்கள்.

கிழவர் லூசியுஸ் கால்வியுஸ் ஒருநாள் கார்த்தேஜ் சந்தையில் இரண்டு பையன்களை வாங்கிவந்தார். பெயர் யோசிக்க அவருக்கு நேரமில்லை. வண்டியிலிருந்து முதலில் இறங்கியவனை முதலாமவன் என்றார், அடுத்து இறங்கியவனை இரண்டாமவன் என்றார். ரோமர் பேச்சில் இரண்டாமவன் என்றால் செக்குந்துஸ். முதலாமவன் அந்த மாதமே வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அதற்காக இவனுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. முன்னால் யாருமே இல்லாமல் இரண்டாமவனாகவே இருந்தான்.

கிழவரின் இரண்டாம் மகனுக்கும் அதே காரணத்தால் அதே பெயர். ஏறக்குறைய ஒரே வயது. வீட்டம்மா முற்றத்தில் நின்று “செக்குந்துஸ்” என்று கூப்பிட்டால் இரண்டு தலைகள் திரும்பும். குரலில் அப்பம் இருந்தால் மகன் போவான், வாளி இருந்தால் இவன் போவான். ஒருநாளும் தவறியதில்லை என்று பிற்காலத்தில் பெருமையாகச் சொல்வான். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

கிழவர் இறந்தபோது உயிலில் இவனுக்கும், தறியில் வேலை செய்த அரிஷாத்துக்கும் விடுதலை எழுதியிருந்தார். பாடைக்கு முன்னால், விடுதலையானவர்கள் போடும் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு இவன் நடந்தான். அன்று நிஜமாக அழுதவன் இவன் ஒருவன்தான் என்றார்கள். நிஜமாகச் சந்தோஷப்பட்டவனும் இவன்தான். அரிஷாத்தைக் கட்டிக்கொண்டான், துறைமுகத்தில் இரண்டு தொட்டிகளை வாடகைக்குப் பிடித்தான், சூரைமீன் குடலையும் உப்பையும் அடுக்கி வெயிலில் போட்டான். அந்த வாசனை அவனுக்கு முன்னால் வந்து, அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும்.

இப்போது கிழவரின் மகனும் லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸ், இவனும் லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸ். ஏட்டில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். லூசியுஸின் மகன் என்றால் ஒரு நெட்டுக்கோடு போட்டு அதன் மேல்பாதியில் இரண்டு கிடைக்கோடுகள் போடுவோம். லூசியுஸ் விடுவித்தவன் என்றால் அதே நெட்டுக்கோட்டின் காலடியில் ஒரே ஒரு கிடைக்கோடு. கோடு தலையில் இருந்தால் பிறக்கும்போதே சுதந்திரன். காலில் இருந்தால் ஒருகாலத்தில் சரக்கு. செக்குந்துஸுக்குப் படிக்கத் தெரியாது. இந்த இரண்டு எழுத்துகளை மட்டும் எந்தக் கல்லில் கண்டாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

விடுதலைக்கு ஆறு வருடம் கழித்து மகன் பிறந்தான். நான் அப்போது ஊர்ச்சபையின் எழுத்தன். பிறப்பைப் பதிய என்னிடம் வந்தான். பையனுக்கும் அதே பெயரைச் சொன்னான். வேறு வை, குழப்பம் வரும் என்றேன். குழப்பம் வரட்டும், பேரு நல்லா இருக்கு என்றான். பிறகு மேசைமேல் குனிந்து, என் மெழுகுப் பலகையில் விரலை வைத்தான்.

“எந்த எழுத்துங்க போட்டிருக்கீங்க?”

“மகன்ங்கிற எழுத்து. ஆத்தாளும் அப்பனும் விடுதலையான பிறகு பொறந்தவன்தானே.”

“தலையில கோடு உள்ளதுதானே?”

“தலையிலதான்யா.”

“ரெண்டு கோடும் இருக்கா?”

அந்தப் பலகை ஒரு மாதம் மீன்வாடை அடித்தது.

சுதந்திரமாகப் பிறந்த பையன்கள் மட்டும் கழுத்தில் மாட்டும் தாயத்து ஒன்று உண்டு. பணக்காரர் வீட்டில் தங்கத்தில் போடுவார்கள். இவன் தோலில் தைத்துப் போட்டான். பையன் தொட்டியோரம் விளையாடும்போதும் அது சட்டைக்கு வெளியேதான் தொங்கவேண்டும். உள்ளே போனால் தகப்பன் வேலையை விட்டுவிட்டு வந்து எடுத்து வெளியே போடுவான். சாயங்காலம் அரிஷாத் வாசலில் நின்று “செக்குந்துஸ்” என்பாள். தகப்பனும் மகனும் சேர்ந்தே “என்ன” என்பார்கள். பெரியவனுக்குக் குரலில் வாளி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அப்போதும் போகவில்லை.

பையன் ஓர் இலையுதிர்காலத்தில் காய்ச்சலில் இறந்தான்.

கல்லறைக்குக் கார்த்தேஜ் சாலையோரம் இடம் பிடித்தான் தகப்பன். வண்டிகள் அதிகம் போகும் இடம். போகிறவர்கள் நின்று பெயரை வாய்விட்டுப் படித்தால்தான் உள்ளே இருப்பவனுக்கு ஒரு வாய் மூச்சு என்பது எங்கள் நம்பிக்கை. வாயை மூடிக்கொண்டு படிக்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. கல்தச்சன் இத்திபால் வெட்டினான்: “லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸ், லூசியுஸின் மகன். ஒன்பது ஆண்டும் நான்கு மாதமும் வாழ்ந்தான்.” கீழே பாதிக் கல் வெறுமையாக இருந்தது. அது எனக்கும் இவளுக்கும் என்றான் செக்குந்துஸ்.

இதற்குள் கிழவரின் மகன் ரோமுக்குப் போய்ப் பெரிய மனிதராகியிருந்தார். ஒரு மாநிலத்துக்கு ஆளுநர், படைத்தலைவர், பூசகர். எங்கள் ஊருக்குக் குளியல் கூடம் கட்டிக்கொடுத்தார். பதிலுக்கு நாங்கள் சந்தைச் சதுக்கத்தில் சிலை வைத்தோம். திறப்பு விழாவில் ரொகாத்துஸ் என்ற சபை உறுப்பினர் பேசிய பேச்சில் அவரை ஏழு தெய்வங்களோடு ஒப்பிட்டார். விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எட்டாவது தெய்வம் நினைவுக்கு வந்ததாக என்னிடம் வருத்தப்பட்டார்.

பையன் இறந்து மூன்றாம் வருடம், பேரரசருக்கு எதிராகச் சதி செய்தார் என்று அந்தப் பெரிய மனிதரின் தலையை வாங்கிவிட்டார்கள். சதி செய்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு வந்தது ஆணை மட்டும்: லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸ், லூசியுஸின் மகன், இந்தப் பெயர் எந்தக் கல்லில் எங்கே இருந்தாலும் செதுக்கி எடுக்கப்படவேண்டும், கார்த்தேஜிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார்.

அந்த வருடம் சபைத் தலைவர் ரொகாத்துஸ். ஏழு தெய்வங்களோடு ஒப்பிட்டவருக்கு எவ்வளவு பயம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஊருக்குள்ளும் சாலையோரமும் உள்ள எல்லாக் கல்லையும் படித்துப் பட்டியல் போடச் சொன்னார். போட்டவன் நான். சிலைபீடம், குளியல் கூடத்து வாசல், கோயில் படி என்று பன்னிரண்டு இடங்கள். பதினொன்றாவது பையனின் கல். சபைக்கூடத்தில் அதைப் படிக்கும்போது, இது மீன்காரன் பையன் என்றேன்.

“ஆணையில வயசு போட்டிருக்கா?” என்றார் ரொகாத்துஸ்.

போடவில்லை.

“அப்ப எழுது.”

எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், அதில் அவர் பொய் சொல்லவில்லை. சுதந்திரமாகப் பிறந்து தொலைத்ததால் பையனின் பெயர் ஆளுநரின் பெயரோடு அப்படியே பொருந்திவிட்டது. தகப்பனைப் போல அடிமையாகப் பிறந்திருந்தால் கல் தப்பியிருக்கும்.

செக்குந்துஸ் மறுநாள் காலையிலேயே ரொகாத்துஸின் வீட்டு வாசலில் நின்றான். நானும் அங்கே பட்டியலோடு நின்றிருந்தேன்.

“உனக்கு முன்னாடியே உன் வாசனை வந்து சேதி சொல்லிடுச்சு” என்றார் ரொகாத்துஸ்.

“ஐயா, அது என் பையன். ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியும். வர்ற அதிகாரிக்குத் தெரியாதே. அந்தப் பேரை நான் விட்டுவச்சேன்னு எவனாவது ஒருத்தன் போட்டுக்குடுத்தா என் பேரைச் செதுக்க ஆணை வரும்.” பிறகு, அவரும் கல்நெஞ்சர் இல்லை என்று காட்ட ஒரு வழி சொன்னார். “ஒண்ணு பண்ணலாம்யா. பேரு அப்படியே நிக்கட்டும். மகன்ங்கிற எழுத்தை மட்டும் விடுவிக்கப்பட்டவன்னு மாத்திடு. அப்ப அது வேற ஆளு. ஆணை தொடாது.”

பக்கத்தில் நின்ற இத்திபால் தொழில் முறையில் யோசித்தான். “மேல ரெண்டு கோட்டை வழிச்சுட்டு, கீழ ஒரு கோடு போடணும். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிரும்ணே.”

யோசித்துச் சொல் என்று ரொகாத்துஸ் ஒரு நாள் தவணை கொடுத்தார்.

அரிஷாத்துக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து அவனிடம் சொன்னாள். நான் சபையின் கடிதத்தைக் கொடுக்கப் போனவன் அங்கே நிற்கவேண்டியதாயிற்று. எழுத்தை மாற்றிவிடு என்றாள். அவன், பையன் அடிமையாகப் பிறந்தான் என்று கல்லில் வெட்டச் சொல்கிறாயா என்றான். அவள் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்த துடுப்பைக் கீழே வைத்தாள்.

“ஒம்போது வருஷம் வாசல்ல நின்னு பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டேன். எழுத்தைச் சொல்லியா கூப்பிட்டேன்?”

“நீ தறிக்காரி. உனக்குப் புரியாது.”

“நீ மட்டும் என்ன, செனட்டரா? நீயும் நானும் ஒரே சந்தையில வித்த ஆளுங்கதான். எனக்குப் பேரு வேணும். போறவன் வர்றவன் படிக்க ஒரு பேரு.”

“நம்ம ரெண்டு பேரும் சம்பாதிச்சது அந்த ஒரு எழுத்துதான்டி” என்றான் அவன். “தொட்டி வாடகை. வீடு வாடகை. என் பேரே இன்னொருத்தனோடது. அது ஒண்ணுதான் சொந்தம். அதை எப்படிக் குடுப்பேன்?”

அவள் துடுப்பை மறுபடி எடுத்துக்கொண்டாள். நான் கடிதத்தை உப்புமூட்டை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் செக்குந்துஸ் சபைக்கு வந்து தன் யோசனையைச் சொன்னான். ஆணை பெயரைத்தானே எடுக்கச் சொல்கிறது. லூசியுஸ், கால்வியுஸ், செக்குந்துஸ் என்ற மூன்று பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள், “லூசியுஸின் மகன்” என்பதைத் தொடாதீர்கள், அது பெயர் இல்லையே என்றான். படிக்கத் தெரியாதவனுக்குச் சட்டம் இவ்வளவு தெரிந்திருந்தது. ரொகாத்துஸ் என்னைப் பார்த்தார். அது பெயர் ஆகாது, பிறப்பின் விவரம்தான் என்றேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே உதவி அது. உதவிதானா என்று இன்றுவரை தெரியவில்லை.

இத்திபால் மூன்று பெயரையும் செதுக்கினான். முகத்தில் தூசி படியாமலிருக்கத் துணி கட்டிக்கொண்டு, மெதுவாக, ஓரத்தில் உள்ள எழுத்தில் உளி பட்டுவிடாமல். செக்குந்துஸ் முழு நேரமும் அந்த ஓர் எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். முடிந்தபோது கல்லில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம் இருந்தது. அதற்குப் பிறகு: “லூசியுஸின் மகன். ஒன்பது ஆண்டும் நான்கு மாதமும் வாழ்ந்தான்.” எங்கள் மாநிலத்தில் பாதிப் பேர் லூசியுஸின் மகன்கள்.

அதிகாரி வந்தார். காற்று நன்றாக இருந்ததால் கப்பலில் வந்தார். கார்த்தேஜ் சாலைப் பக்கம் தலைவைக்கவே இல்லை. குளியல் கூடத்தில் குளித்துவிட்டு, கூடம் நன்றாக இருக்கிறதே, யார் கட்டியது என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பிப்ரவரியில் இறந்தவர்களுக்கான நாட்கள் வந்தன. எல்லோரும் கல்லறைகளுக்குத் திராட்சரசத்தில் நனைத்த ரொட்டியும் உப்பும் கொஞ்சம் ஊதாப்பூவும் எடுத்துப் போனார்கள். செக்குந்துஸும் அரிஷாத்தும் தனித்தனியாகப் போனார்கள். அவன் போய் எழுத்தைத் துடைத்துவிட்டு வருவான். அவள் சாலையில் நின்றுகொண்டு வண்டிக்காரர்களை நிறுத்துவாள்.

“ஐயா, இங்க ஒரு பையன் இருக்கான். லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸ்னு ஒரு வாட்டி சொல்லிட்டுப் போங்க சாமி.”

தலை வெட்டப்பட்டவரின் பெயரைச் சாலையில் வாய்விட்டுச் சொல்ல எவனுக்குப் பைத்தியமா? வண்டிக்காரர்கள் கோவேறு கழுதையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவன் மட்டும் சொன்னானாம், ஊருக்குப் புதியவன். பக்கத்து வண்டிக்காரன் விஷயத்தைச் சொன்னதும் இறங்கி வந்து அவளை அறைந்தானாம். அப்போதும் சொன்னது சொன்னதுதானே என்றாள் அரிஷாத். நாட்கள் முடிந்த பிறகும் போனாள். சபைக்குப் புகார் வந்தது. கிழவிக்குப் புத்தி சரியில்லை என்று நான் குறித்துக்கொண்டேன். வேறு எதைக் குறித்தாலும் தண்டனை வந்திருக்கும். அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டி இறந்தாள். பையனின் பக்கத்தில் புதைத்தார்கள். அவள் பெயரைக் கீழே வெட்டவில்லை. மேலே பெயரில்லாமல் கீழே மட்டும் எப்படி என்றான் செக்குந்துஸ்.

இரண்டு வருடம் கழித்துப் பேரரசரையே கொன்றுவிட்டார்கள். புதிதாக வந்தவர், பழையவர் கொன்றவர்களெல்லாம் உத்தமர்கள் என்று அறிவித்தார். ஆணை வந்தது: லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸின் பெயர் எங்கெங்கே செதுக்கப்பட்டதோ, அங்கெல்லாம் முழுப் பதவிகளோடு மறுபடி வெட்டப்படவேண்டும்.

பட்டியலைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

பதினொன்றாவது பையனுடையது என்று, அந்த வருடம் மறுபடி சபைத் தலைவராகியிருந்த ரொகாத்துஸிடம் அப்போதும் சொன்னேன். “அழிக்கும்போது ஆளுநர் பேருன்னுதானே அழிச்சோம். இப்ப பையன் பேருன்னா, ஒரு பையன் கல்லறையில கைவச்சோம்னு ஆகும். கல்லறையைத் தொட்டா என்ன தண்டனைன்னு எழுத்தனுக்கு நான் சொல்லணுமா?”

சொல்லவேண்டியதில்லை. பட்டியலை எழுதிய கை யாருடையது என்பதும் எனக்குத் தெரியும்.

இத்திபால் பள்ளத்துக்குள் மூன்று பெயரையும் வெட்டினான், முன்பைவிட அழகாக. பதவிகளை வெட்ட மேலே இடமில்லை. கீழே வெறுமையாக இருந்த பாதியில் வெட்டினான். இப்போது அந்தக் கல் இப்படி இருக்கிறது: “லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸ், லூசியுஸின் மகன். ஒன்பது ஆண்டும் நான்கு மாதமும் வாழ்ந்தான். ஆளுநர். படைத்தலைவர். பூசகர். இவ்வூரின் காவலர். ஊர்ச்சபையின் நன்றி.”

செக்குந்துஸுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டான். சபையிடம் வந்து முறையிடு, பதவிகளை எடுக்க நான் வழி பார்க்கிறேன் என்றேன். ரொகாத்துஸின் பதவிக்காலம் முடியப்போகிறது. எனக்கும் அப்போது கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. அவன் கல்லைப் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தான்; பானையைத் தட்டினாற்போல் கேட்டது.

“வேணாங்க. இன்னொரு உளி பட்டா தாங்காது.”

நாங்கள் நிற்கும்போதே ஒரு வண்டி வந்தது. வண்டிக்காரன் இறங்கி, வாய்விட்டுப் படித்தான், விரலை மடக்கி வயதைக் கணக்குப் பார்த்தான், பிறகு சிரித்தான். பின்னால் வந்தவனையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினான். “நாலு வயசுல படைத்தலைவர் ஆயிருப்பான் போல.” இரண்டு பேரும் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சாலையில் அவ்வளவு பேர் நின்று படிக்கும் கல் வேறு கிடையாது, இன்றும் அப்படித்தான். அரிஷாத் சாலையில் நின்று கெஞ்சியும் கிடைக்காதது, எங்கள் முட்டாள்தனத்தால் தினமும் கிடைத்தது.

செக்குந்துஸ் அதன் பிறகு மத்தியானங்களில் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டான். தொட்டிகளைக் கைவிட்டுவிட்டான். சிரிக்கிறார்களே, உனக்குக் கோபம் வரவில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

“சிரிச்சா என்னங்க. சத்தமாத்தானே சிரிக்கிறாங்க.”

“உன் பேருக்கு இடமில்லாமப் போச்சே.”

“ஏன், இருக்கே. அதே பேருதானே.” மகன் என்ற எழுத்தின்மேல் விரலை வைத்தான். “அந்த ஒரு எழுத்துதான் என்னோடது இல்ல.”

அந்த வருடமே இறந்தான். கல்லுக்குப் பின்னால் புதைத்தோம். வெட்ட இடமில்லாததால் எதுவும் வெட்டவில்லை. மூன்று லூசியுஸ் கால்வியுஸ் செக்குந்துஸ்களுக்கும் ஒரே கல் போதுமானதாகிவிட்டது. அரிஷாத்தின் பெயர்தான் எங்கேயும் இல்லை. அது அவனுக்கும் தோன்றவில்லை. அன்று அவனோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கும் தோன்றவில்லை.